குடையோடு ஆலப்புழைக்குப் போனவன் சொல்லும் வழி

மதுரை, தெற்கு மாசி வீதி,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

கல்லுப்பட்டியில் பலசரக்கு வியாபாரம் செய்து சீரும் சிறப்புமாக இருந்துவரும் என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஜனாப் அப்துல் வஹீது அவர்கள் சமூகத்துக்கு, குடைக்கடை நைனா முகமது சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் இங்கே தங்கள் அக்கா மைதீன் பீவிக்கு இருமல் நின்றது. தங்கள் மருமகள், எங்கள் மகள் சபியாவுக்குப் போன பசி திரும்பி வந்தது. எனக்குக் காதுக்குள் போன தண்ணீர் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. மற்றபடி யாவரும் சௌக்கியம். தங்கள் கடையில் எலித் தொல்லை குறையவும், தங்கள் வீட்டில் எல்லோரும் உடல் சுகத்தோடு இருக்கவும் ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. சபியாவின் சம்பந்தத்தை முடித்து நாள் குறிக்கத் தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் அடுத்த வாரம் ஆலப்புழைக்குப் புறப்படுவதாகவும், ஆடி மாதத்தில் நானும் தங்கள் அக்காவும் போய்வந்தவர்கள் என்பதால் எந்த ரயில், எந்தப் படகு, எதை எடுத்துப் போவது, எதைச் சாப்பிடுவது, மலையாளத்தில் மந்திரம் வைப்பார்கள் என்கிறார்களே அதற்கு என்ன செய்வது என்றெல்லாம் விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். மச்சான், இந்தத் 'தாங்கள்' எனக்கு இவ்வளவுக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. என் நிக்காஹ் அன்று என் செருப்பை ஒளித்துவைத்துக்கொண்டு, மிட்டாய் வாங்கித் தந்தால்தான் தருவேன் என்று நின்ற பையன் நீ. இனி நீ என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக நினைக்காதே.

முதலாவதாக, என் கடைக்கு எதிர்க்கடைக் காசிமாயன் அண்ணனிடம் எந்த யோசனையும் கேட்காதே. கோச்சடைக்காரர், தங்கமான மனுஷர், சபியாவுக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். அவர் விற்கும் தென்னங்கயிறு ஆலப்புழையிலிருந்து வருகிறது. கயிற்றுக் கட்டோடு வருஷா வருஷம் வந்துபோகும் பக்கீர் முகமது என்ற பையனுக்குத்தான் நம் சபியாவைக் கேட்டார்கள். பையனுக்குத் தகப்பனார் இல்லை. தாயார் சுல்தான் பீவிதான் கயிறு சேர்த்துவைத்து விற்கும் கிட்டங்கியை வைத்து நடத்துகிறார். இவ்வளவும் காசிமாயன் சொன்னது, இவ்வளவும் நிஜம். ஆனால் கயிறு எங்கிருந்து வருகிறதோ அந்த ஊரைப்பற்றி எல்லாமே தெரிந்தவர்போல அவர் மேற்கொண்டு சொன்னதையும் நான் நம்பிவிட்டேன். அங்கே தண்ணீர் முழுக்க உப்பு, குடித்தால் குடல் வெந்துவிடும், ஒரு குடம் நல்ல தண்ணீர் கூடவே கொண்டுபோ என்றார். ஆடி மாதம் காற்றுதான் அடிக்கும், மழை இருக்காது என்றார். அவர் உசிலம்பட்டிக்கு மேற்கே போனதே இல்லை என்பது நாங்கள் திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது.

முதலில் நான் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. உன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஜமாத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் தாயார் ரயிலேறிப் போன வழக்கம் உண்டா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒத்தப் புள்ளைய தண்ணிக்குள்ள குடுக்கச் சொல்றீக. நான் கண்ணால பாக்காம குடுக்க மாட்டேன். நீங்க போயிட்டு வந்தா அங்கன என்ன சாப்பிட்டீகன்னுதான் சொல்லுவீக." உள்ளபடி சொன்னால், எனக்கும் அந்தச் சம்பந்தத்தில் அவ்வளவாக மனமில்லை. கூப்பிடு தூரத்தில் முனிச்சாலையிலோ வில்லாபுரத்திலோ ஒரு பையன் கிடைக்காமலா போவான் என்று நினைத்தேன். ஏதாவது குறை தென்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் புறப்பட்டேன். கூட என் கடையிலிருந்து மூன்று குடைகளும் எடுத்துக்கொண்டேன். இரண்டு எங்களுக்கு, மூன்றாவது, யானைத்தலைப் பிடி போட்ட பெரிய குடை, சம்பந்தி வீட்டாருக்கு.

இப்போது வழியைக் கேள். மதுரையில் ஏறினால் விருதுநகரில் வண்டி மாற வேண்டும். அங்கே இறங்கியதும் பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொள், பிறகு செங்கோட்டை வரைக்கும் வயிற்றுக்கு ஆதரவு அதுதான். ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கம் உட்கார்ந்துகொள். மலை உன் கூடவே நடந்து வருவதுபோல வரும். தென்காசியில் சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கும். உன் அக்கா அதைக் கையால் துடைத்துத் துடைத்து, துடைத்ததைப் பார்த்துக்கொண்டே வந்தாள். செங்கோட்டையிலிருந்து திருவாங்கூர் ராஜ்யம். அங்கே சுங்கச் சாவடிக்காரர்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். புகையிலையோ உப்போ இருந்தால் எடுத்துக் காட்டிவிடு. எங்களிடம் இரண்டும் இல்லை, குடம்தான் இருந்தது. வாயைத் துணியால் கட்டி, மேலே சாந்து பூசி வைத்திருந்தோம். என்ன இது என்று கேட்டார் அதிகாரி. தண்ணீர் என்றேன். மதுரையிலிருந்து மலையாளத்துக்குத் தண்ணீரா என்றார். ஆமாம் என்றேன். அவரிடம் குற்றமில்லை மச்சான், அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். சாந்தை உடைக்கச் சொல்லி, மோந்து பார்த்து, வேறு ஒருவரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொல்லி, கடைசியில் என்னையே ஒரு செம்பு குடிக்கச் சொன்னார். குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டபிறகு, பெரியவரே, இதோடு நீங்கள் போகிற ஊரில் கவனமாக இருங்கள், அவர்களுக்கே வைக்க இடமில்லாமல் தண்ணீர் இருக்கிறது என்று வணக்கம் சொல்லி அனுப்பினார்.

அதற்கு மேல் மலை. குகைக்குள் வண்டி புகும்போது ஜன்னலைச் சாத்திவிடு. நாங்கள் சாத்தவில்லை. வெள்ளைத் துப்பட்டியோடு குகைக்குள் போன உன் அக்கா கரிக்கடைக்காரர் வீட்டம்மாவாக வெளியே வந்தாள். ஆனால் வெளியே வந்ததும் அவள் தன் துப்பட்டியைப் பார்க்கவில்லை. கீழே பள்ளத்தில் ஆறு. ஆறு என்றால் மணல் இல்லை, முழுக்கத் தண்ணீர். மலை முழுக்கப் பச்சை; அந்தப் பச்சைக்கு நம் ஊரில் பேர் கிடையாது. கல் இடுக்கில்கூடப் பச்சை, தந்திக் கம்பத்தில்கூடக் கொடி. வைகையில் தண்ணீர் வந்தால் கடையை அடைத்துவிட்டுப் பார்க்கப் போகிறவர்கள் நாம். நாங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தோம். மலையாளத்து மந்திரம் என்று கேட்டாயே, நான் கண்டது இது ஒன்றுதான்: உன் அக்கா புனலூர் வரும்வரை என்னோடு ஒரு வாய்ச்சண்டையும் போடவில்லை.

பாஷையைப் பற்றி. முக்கால்வாசி புரியும், அதுதான் ஆபத்து. ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஒரு ஆள் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே "வெள்ளம், வெள்ளம்" என்று கத்தினான். சில வருஷங்களுக்கு முன் அந்தச் சீமையில் வந்த பெருவெள்ளத்தைப்பற்றிக் காசிமாயன் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. உடனே உன் அக்காவைப் பலகைமேல் ஏற்றி, குடத்தையும் அவள் கையில் கொடுத்து, நானும் மேல்தட்டில் பாதி ஏறிவிட்டேன். எதிரே இருந்த செங்கோட்டைப் பிள்ளை ஒருவர் என் காலைப் பிடித்து இறக்கி, அங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்றார். இதை மனதில் வைத்துக்கொள். இன்னொன்று, யாரிடமும் உன் ஊர்ப் பெயரைச் சொல்லாதே. படகில் ஒரு பெரியவர், நாங்கள் யார், எந்த ஊர், உற்றார் யார் என்று அன்பாக விசாரித்தார். எனக்கு மதுரை, என் மச்சான் கல்லுப்பட்டி என்றேன். படகே சிரித்தது. அங்கே பட்டி என்றால் நாய். என் மச்சான் ஒரு கல் நாய் என்று நான் ஊரறியச் சொல்லிவிட்டேன். பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரவாயில்லை, கல் நாய் கடிக்காது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். உன்னை யாராவது கேட்டால் மதுரை என்றே சொல்.

கொல்லம் வந்து இறங்கியதும் மழை. நாம் மழை என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அது அங்கே மழைக்கு முன்னால் வருகிற ஈரக் காற்று. நான் குடை வியாபாரி. என் தகப்பனாரும் குடை வியாபாரி. எங்கள் குடைகள் இத்தனை வருஷமும் சித்திரை வெயிலை மட்டுமே பார்த்தவை என்பது அந்த ஸ்டேஷன் வாசலில்தான் எனக்குப் புரிந்தது. முதல் குடை விரித்த கையோடு தலைகீழாகி அல்லிப் பூவாக நின்றது. இரண்டாவது குடையின் துணி பறந்து போயிற்று. கம்பிகளை மட்டும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு மீன்காரம்மாள் பனையோலையில் செய்த பெரிய குடையைத் தலையிலேயே தொப்பிபோல வைத்துக்கொண்டு, இரண்டு கையும் ஓய்வாக, ஒரு சொட்டு மேலே படாமல் நடந்து போனாள். மச்சான், எனக்குப் பொறாமை வரவில்லை, கை எடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. நீ குடை எடுத்துப் போகாதே. தோல் செருப்பும் வேண்டாம், ஊறிப் பிய்ந்துவிடும். நம் ஊர்க் காசும் அங்கே கடைகளில் செல்லாது. சக்கரம் கொடு என்று கேட்பான். வண்டிச் சக்கரத்தைத் தேடாதே, அவர்கள் காசுக்கு அதுதான் பேர், கொல்லத்திலேயே மாற்றிக்கொள். மார்கழி, தை மாதங்களில் போனால் மழை கிடையாதாம். ஆனால் நாள் குறிக்கிற காரியத்துக்கு அதுவரை காத்திருக்க முடியாது.

கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு மோட்டார்ப் படகு. பயப்படாதே, அது நம் ஜமாத் தலைவர் வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது. அந்தப் பயணத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் தென்னை. ஒரு மரம்கூட நேராக நிற்கவில்லை, எல்லாம் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கச் சாய்ந்து நிற்கின்றன. வீட்டு வாசலில் நமக்குத் தெரு இருப்பதுபோல அவர்களுக்குத் தண்ணீர். தபால்காரர் படகில் வருகிறார். மாடு படகில் போகிறது. ஒரு கல்யாணக் கூட்டமே வாத்தியத்தோடு படகில் போனது. படகில் சுக்கும் ஜீரகமும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் கொடுத்தார்கள். உப்பில்லை, குடல் வேகவில்லை. சோறு சிவப்பாக, ஒவ்வொரு பருக்கையும் முத்துப்போலக் குண்டாக இருக்கும், மெல்ல மென்று சாப்பிடு. எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். முதல் வேளை முகத்தைச் சுளிப்பாய், அடுத்த வேளை இன்னும் கொஞ்சம் கேட்பாய். உன் அக்கா மட்டும் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. கரையில் பொம்பளைப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்து விளையாடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் சபியாவுக்குத் தெப்பக்குளத்துப் படியில் இறங்கவே பயம். அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். குறை கிடைத்துவிட்டது, திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சந்தோஷப்பட வேண்டியவன், ஏனோ சந்தோஷப்படவில்லை.

ஆலப்புழைத் துறையில் இறங்கியதும் வள்ளம் என்கிற சின்னப் படகை ஓட்டுகிற ஒருவன் வந்து, நீங்கள் மாப்பிளையா என்று கேட்டான். இந்த வயதில் என்னைப் பார்த்து மாப்பிள்ளையா என்கிறானே என்று எனக்கு வெட்கமும் கோபமுமாக வந்தது. நான் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவன், மாப்பிள்ளை கயிற்று வியாபாரி என்று விளக்கமாகச் சொன்னேன். அவனுக்கு நன்றாகப் புரிந்தது என்று தலையை ஆட்டினான். அங்கே நம் மார்க்கத்தாருக்கு மாப்பிள என்று பேர், கிறிஸ்துவர்களில் ஒரு கூட்டத்தாருக்கும் அதே பேர்தானாம். கயிறு வியாபாரம் செய்யும் அவுசேப்பு மாப்பிள என்ற பெரியவர் வீட்டில் எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போய்விட்டான். எங்களுக்கு அது தெரியாது. வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் வாசலுக்கு வந்தார். கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். பாய் விரித்தார்கள். மரவள்ளிக் கிழங்கும், சிவக்கச் சிவக்க மீன் குழம்பும் வந்தன. நான் சாப்பிட்டுக்கொண்டே, பெண்ணுக்கு என்ன நகை போடுவோம், எப்போது நிக்காஹ் வைக்கலாம் என்று பேச்சைத் தொடங்கிவிட்டேன். அவரும் ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். பையன் எங்கே என்றேன். அவருடைய மகனைக் கூப்பிட்டார். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டியும், இடுப்பிலும் தோளிலுமாக நான்கு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். உன் அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் கன்றிப் போயிருக்கிறது. அப்போதுதான் நான் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.

அந்தப் பெரியவர் சிரித்ததைப்போல ஒரு மனுஷர் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரையும் கேலி செய்யாத சிரிப்பு. சுல்தான் பீவியின் வீட்டை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உங்கள் பெண் அந்த வீட்டுக்குப் போவதானால் கவலைப்படாமல் கொடுங்கள் என்று கையால் ஜாடை காட்டிச் சொன்னார். அந்த மகனே தன் வள்ளத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

இனி எழுதப்போவதை, மச்சான், நீ உட்கார்ந்து படி. காயல் என்கிற உப்பங்கழியின் ஓரமாகப் போய்ச் சுல்தான் பீவியின் வீட்டுப் படித்துறை தெரிந்ததும் எனக்கு ஒரு கௌரவம் வந்தது. சம்பந்தி வீட்டுக்கு முன்னால் நனைந்த கோழியாகவா போய் இறங்குவது என்று, மிச்சமிருந்த யானைத்தலைக் குடையை விரித்துக்கொண்டு வள்ளத்தில் எழுந்து நின்றேன். வள்ளம் ஓட்டிய அவுசேப்பின் மகன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது புரிந்தது. காற்று வந்தது. அந்தக் குடை நான் செய்த குடைகளிலேயே உறுதியானது. அது மடங்கவில்லை, கிழியவில்லை, என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீருக்குள் போனதும் வாயில், மூக்கில், காதில் எல்லாம் தண்ணீர். கலிமாச் சொன்னேன். சபியாவை நினைத்தேன். மேலே வந்தேன், கீழே போனேன், மறுபடி மேலே வந்தேன். அப்போது கரையிலிருந்து சுத்தமான தென்காசித் தமிழில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. "அண்ணே, காலை ஊணுங்க. இடுப்பளவுதான் இருக்கு." காலை ஊன்றினேன். எழுந்து நின்றேன். இடுப்பளவுதான் இருந்தது.

கரையில் கூடியிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் வள்ளத்தில் உன் அக்கா இல்லை என்று கண்டேன். நான் விழுந்த வேகத்தில் வள்ளம் அப்படியே திரும்பியிருக்கிறது. நான் விழுந்ததைக் கண்டு அவள் என்னைப் பிடிக்கக் குதித்திருக்கிறாள். எனக்குக் கிடைத்தது கரைப் பக்கம். அவளுக்குக் கிடைத்தது கயிற்றுத் தோணிகள் வந்துபோக ஆழமாக வெட்டி வைத்திருந்த பக்கம். தண்ணீர்மேல் அவளுடைய வெள்ளைத் துப்பட்டி மட்டும் விரிந்து கிடந்தது. நான் கத்தினேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு அடி எடுத்துவைக்க எனக்குக் கால் வரவில்லை. படித்துறையில் நின்ற அந்த அம்மாள், என் வயதுக்காரி, கட்டியிருந்த துணியோடு அப்படியே தாவினாள். உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அவுசேப்பின் மகனும் குதித்தான். சிரித்தவர்கள் எல்லோரும் படியிறங்கி வந்தார்கள். பிறகு துப்பட்டிக்கு ரொம்பத் தள்ளி இரண்டு தலைகள் ஒன்றாக மேலே வந்தன.

படியில் உன் அக்காவைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீர் கக்கினாள், இருமினாள், கண்ணைத் திறந்தாள். திறந்ததும் என்னைத் தேடினாள். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். காப்பாற்றியவள் பக்கத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சுல்தான் பீவி. பிறந்தது கடையநல்லூர். கல்யாணமாகி அந்தப் படியில் வந்து இறங்கியபோது அவளுக்கும் தண்ணீர் என்றால் கிணற்று வாளியில் பார்த்ததுதானாம். இருவரும் நனைந்த துணியோடு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை வரவேற்கிற பேச்சோ, குசலம் விசாரிப்போ எதுவும் இல்லை. உன் அக்காவுக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "இதை எம் மகளுக்குக் கத்துக்குடுப்பீகளா?"

சுல்தான் பீவி அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "கத்துக்குடுத்த பொறவுதான் வள்ளத்துல ஏத்துவேன். எனக்கு ஒருத்தரும் கத்துக்குடுக்கல தாயே. ரெண்டு தடவ முங்கி நானாத்தான் படிச்சேன். எம் மருமகளுக்கு அது வேண்டாம்."

அவ்வளவுதான் மச்சான், சம்பந்தம் பேசியது. நான் தயார் செய்துகொண்டு போன கேள்வி ஒன்றுக்கும் இடமில்லாமல் போயிற்று. பையனைப்பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கரையேறியபோது துண்டோடு ஓடிவந்து என் தலையைத் துடைத்தவன் அவன்தான். நான் இடுப்பளவுத் தண்ணீரில் கலிமாச் சொன்னதைக் கேட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. அந்த அடக்கத்தைக் கண்டுதான் இவனுக்குத்தான் பெண் என்று நான் முடிவு செய்தேன். பிறகு கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது அவன் தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வராமல் சிரிக்க என்ன பாடு படுகிறான் என்று பார்த்து, எனக்கு அவன்மேல் இன்னும் பிரியம் வந்தது. வந்த வழியே திரும்பிவிட்டேன், அவனுக்குத் தெரியாது.

அங்கிருந்து புறப்படும் முன் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். நீயும் தவறாமல் போ. தண்ணீருக்குள் நீளமாகக் கட்டிய பாலம் ஒன்று இருக்கிறது, அதன் முனைவரை நடக்கலாம். தூரத்தில் கப்பல்கள் நிற்கும். உன் அக்கா முனைவரை நடந்தாள், நான் பாதியில் நின்றுகொண்டேன். திரும்பி வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இம்புட்டையும் இங்கன வச்சிருக்கே, ஒரு ஓரத்தைக் கிள்ளி நம்ம வைகையில விட்டா ஆகாதா என்றாள். அவளிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். நீச்சல் தெரியாதவள் எதை நம்பிக் குதித்தாய் என்று. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், மச்சான், அவள் எனக்காகத் தண்ணீரில் குதிப்பாள் என்று எனக்குத் தெரியாது. உன் அக்கா கடலைப் பார்த்துக்கொண்டே, நல்ல குடை போகுதேன்னு எட்டிப் புடிக்கப் பாத்தேன் என்றாள். கொல்லம் ஸ்டேஷன்வரைக்கும் அவள் மூட்டையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆகவே தைரியமாகப் போ. கொல்லம்வரை ரயில், பிறகு பெரிய படகு, பிறகு வள்ளம். வள்ளத்தில் உட்கார்ந்தே இரு. 'மாப்பிள்ளை' என்ற சொல்லை வாயில் எடுக்காதே. சுல்தான் பீவியின் கயிற்றுக் கிட்டங்கி என்று கேள். தப்பித் தவறி அவுசேப்புப் பெரியவர் வீட்டில் இறங்கிவிட்டால் அவசரப்படாதே, சாப்பிட்டுவிட்டே கிளம்பு. இரண்டு செட்டுத் துணிக்கு மேல் வேண்டாம், எதுவும் காயாது. கொசு வலை ஒன்று எடுத்துக்கொள். நம் மதுரைச் சுங்குடிச் சேலை இரண்டு சுல்தான் பீவிக்கும், நல்லெண்ணெய்ப் பலகாரம் கொஞ்சம் பையனுக்கும் கொண்டுபோ. உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம். உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த அறிவோடும் தண்ணீர் கண்டு பயப்படாத மனசோடும் வளர ஆண்டவன் அருள்வானாக. உன் பயணம் காலில் முள் தைக்காத பயணமாக அமையட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மச்சான்,
குடைக்கடை நைனா முகமது.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே, ரயிலேறாதே. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் காசிமாயன் அண்ணன் ஓடிவந்தார். கயிற்றுக் கட்டோடு வந்த ஆளிடம் சுல்தான் பீவி சேதி சொல்லி அனுப்பியிருக்கிறாள். மகனை அழைத்துக்கொண்டு அவளே மதுரைக்குப் புறப்பட்டுவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதைக் காசிமாயன் அப்படியே ஒப்பித்தார்: "நான் கட்டிக்கிட்டு வந்தப்போ எங்க ஊரு எப்படி இருக்கும்னு இங்க ஒருத்தரும் கேக்கல. எம் மருமக எங்கன இருந்து வாரான்னு நான் பாக்காம கூட்டிட்டு வர மாட்டேன்." இதைக் கேட்டதும் உன் அக்கா துடைப்பத்தை எடுத்தாள். இப்போது வீடு முழுக்கக் கழுவிக்கொண்டிருக்கிறாள், எனக்கு நிற்க ஒரு இடமில்லை. நீ கடிதம் கண்டதும் இங்கே வந்து சேர். வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறேன். ஆனால் விளக்குத்தூணுக்கு அந்தப் பக்கம் எந்தத் தெரு எங்கே போகிறது, எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்காவது தெரியுமா?